துக்க வீட்டுக்கும் நேரலையா?

கைப்பேசித் திரைக்குள் வாழ்ந்து களைத்துப்போன மனிதர்கள் மறுபடியும் ஒருவரையொருவர் நேரில் காண ஏங்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். பொய்யில்லை. 2025 சனவரி 26 அன்று அகமதாபாத் கிரிக்கெட் அரங்கில் கோல்ட்பிளே என்னும் பிரித்தானிய இசைக்குழு பாடியபோது, அந்நிகழ்ச்சியை வீட்டில் சாய்ந்தபடியே இணையத்தில் நேரலையாகக் காணவும் வழி செய்திருந்தார்கள். அப்படியிருந்தும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணம் கொடுத்து, நெடுந்தூரம் பயணம் செய்து, கூட்டத்தில் நெருக்குண்டு அங்கே போய் நின்றார்கள். ஸ்பெயின் நாட்டில் புனித யாக்கோபின் கல்லறைக்குச் செல்லும் பழைய திருப்பயண வழி ஒன்று உண்டு. அவ்வழியைக் கடந்து சான்றிதழ் பெற்றவர்கள் 2019-இல் ஏறக்குறைய 3,47,000 பேர். 2024-இல் ஏறக்குறைய 4,99,000 பேர். இத்தாலியின் அசிசி நகரில் கார்லோ அகுதிஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நற்கருணைப் புதுமைகளை இணையத்தளத்தில் தொகுத்தளித்த அவர் 2006-இல் தம் 15-ஆம் வயதில் இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். கணினி யுகத்தின் புனிதர் என்று உலகம் கொண்டாடும் அவரைக் காண மக்கள் கணினியின் முன் அமர்ந்துவிடவில்லை. மலைச்சரிவில் ஏறி அசிசிக்குப் போகிறார்கள்.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, திரையின் காலம் முடிந்தது, நேரில் கூடும் காலம் திரும்பிவிட்டது என்று நம்மவருள் சிலர் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் நம்மால் பங்குகொள்ள இயலவில்லை. நேரில் காணும் ஆசை வளர்ந்திருப்பது உண்மை. ஆனால் அது விருந்து இருக்கும் பக்கமாகவே வளர்ந்திருக்கிறது. பாட்டும் விளக்கொளியும் கூட்டமும் உள்ள இடத்துக்கு நாம் உடலோடு போகிறோம். அழுகையும் மருந்து நெடியும் உள்ள இடத்துக்கு ஒரு செய்தியை மட்டும் அனுப்பிவைக்கிறோம்.

சென்ற ஆண்டு காவிரிக் கரையில் உள்ள ஒரு பங்கில் நிகழ்ந்த அடக்கத்துக்குப் போயிருந்தோம். இறந்தவர் 78 வயது மூதாட்டி. அந்த ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நின்று, வாசலில் தண்ணீர்க் குடங்களை நிறைத்துவைத்து, அடுப்பு மூட்டாத அவ்வீட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து கஞ்சி ஊற்றியவர். பிணத்தருகே செபமாலையை எடுத்துக்கொடுத்துத் தொடங்கிவைப்பவரும் அவரே. மகள் உடன் இருந்தார். மகன் குவைத்தில். வேலை கொடுத்தவர்கள் விடுப்புத் தரவில்லை. ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தும் பயனில்லை. மூன்றாம் நாள் காலை அடக்கத் திருப்பலி என்று முடிவாயிற்று.

கோயிலில் பெட்டியின் கால்மாட்டில் முக்காலி வைத்து ஒளிப்பதிவுக் கருவியை நிறுத்தியிருந்தார்கள். அதை இயக்கிய இளைஞர் கெட்டவர் அல்லர். தம் வேலையில் கருத்தாக இருந்தார். அழுதபடி முன்னே வந்த பேரப்பிள்ளைகளை, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, மறைக்குது" என்று இரண்டு முறை விலக்கினார். யாருக்கு மறைத்தது? குவைத்தில் இருந்த மகனுக்கு என்றால் நாம் வாய்திறக்கமாட்டோம். ஆனால் அந்நேரத்தில் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 112 பேர் என்று கருவியின் மூலையில் எண் தெரிந்தது. கோயிலுக்குள் இருந்தவர்களையும் எண்ணினோம். அத்தகைய நேரத்தில் எண்ணுவது பண்பன்று என்று தெரிந்தே எண்ணினோம். சிறுவர்களையும் சேர்த்து 19 பேர். அந்த 112 பேரில் அயல்நாட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பத்து? இருபது? மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்?

திருப்பலி முடிந்து பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. கடைசியில் அந்த இளைஞரே கருவியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அடுத்த சில நிமிடங்கள் 112 பேரும் கோயில் கூரையைப் பார்த்திருப்பார்கள்.

கல்லறையில் மகள் தம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து மகனின் குரல் கேட்டது. கோயில்பிள்ளையைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டு, "அண்ணே, என் பேரைச் சொல்லி ஒரு பிடி மண் போட்டுடுங்கண்ணே" என்றார். கோயில்பிள்ளை கைப்பேசியைப் பார்க்கவில்லை. குனிந்து மண் எடுத்தார், பெயரைச் சொன்னார், போட்டார்.

மறுநாள் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவரைச் சந்தித்தோம். பங்குப் பேரவையில் பொறுப்பு வகிப்பவர், ஞாயிறுதோறும் வாசகம் வாசிப்பவர். "நேரலையில முழுசாப் பார்த்தேன் சார். ரொம்ப நல்லா எடுத்திருந்தாங்க" என்றார். பேச்சுவாக்கில், முந்திய வாரம் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் ஓர் இசைநிகழ்ச்சி பார்த்துவந்ததையும் சொன்னார். ஆறு மணிநேரப் பயணம், இரண்டு மணிநேரம் வரிசை. அதைத்தான் யூடியூபில் போடுவார்களே என்று கேட்டோம். "என்ன இருந்தாலும் நேர்ல பார்க்கிற மாதிரி வருமா சார்?" என்றார். இரண்டு பேச்சுக்கும் இடையில் அவர் ஒரு மடக்குத் தேநீர்தான் குடித்திருந்தார். நாம் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

திரையை நாம் பழிக்கவில்லை. 2020 மார்ச்சு 27 மாலையில், மழையில் நனைந்து வெறிச்சோடிக் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நின்று செபித்ததை நம் வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது திரைதான். அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவைக் கதவு சாத்திய வீடுகளுக்குள் நாம் கொண்டாட முடிந்ததும் அதனால்தான். அந்த நன்றியை மறப்பவர்கள் அல்லர் நாம். ஆனால் அந்நாளில் நாம் எதற்காக அழுதோம் என்பதையும் மறக்கக் கூடாது. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அப்போது அரசு விதித்திருந்தது. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே, உடன்பிறந்தவனைச் சுமக்கத் தோள் கொடுக்க முடியவில்லையே என்று தமிழ்நாடெங்கும் வீடுகள் கதறின. இன்று அவ்விதி இல்லை. காவலர் எவரும் தெருமுனையில் தடுப்பதில்லை. அன்று சட்டம் அனுமதித்த 20 பேர்கூட இன்று நம் மூதாட்டிக்குச் சேரவில்லை என்றால், அந்தக் கண்ணீரின் பொருள் என்ன?

நாமும் இதற்கு விலக்கல்லர் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும். 2021-இல் கோயில்கள் திறந்த பிறகும் சில மாதங்கள் நாம் வீட்டிலிருந்தே திருப்பலி கண்டோம். முதல் வாரங்களில் குளித்து, தூய ஆடை உடுத்தி, மெழுகுதிரி ஏற்றி, முழங்கால் இட்டுக் கண்டோம். பிறகு நாற்காலியில் அமர்ந்து கண்டோம். பிறகு கையில் காப்பியோடு கண்டோம். ஒரு ஞாயிறு, எழுந்தேற்றத்தின்போது அடுக்களையில் குக்கர் ஊதிற்று. எத்தனையாவது ஊதல் என்று எண்ணிக்கொண்டிருந்த நம்மை நாமே பிடித்துக்கொண்டோம். மறுவாரம் கோயிலுக்குப் போனோம். நம் பக்தி வளர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டோம்; வெட்கம்தான் அழைத்துப்போயிற்று.

திருச்சபையே திரையை ஏற்றுக்கொண்டிருக்கிறதே, தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலியைக்கூடக் கொடுத்திருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மைதான். 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அசிசியின் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். ஏன் கிளாரா? 1252-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் சகோதரிகள் அனைவரும் வழிபாட்டுக்குச் சென்றுவிட, நோயுற்றிருந்த கிளாரா எழ முடியாமல் படுக்கையில் தனித்துக் கிடந்தார். தொலைவில் இருந்த புனித பிரான்சிஸ் கோயிலில் நடந்த வழிபாட்டை இருந்த இடத்திலேயே காணவும் கேட்கவும் அவருக்கு அருளப்பட்டது என்பது வரலாறு. மறு ஆண்டே அவர் இறந்தார். வாதிடுகிறவர்கள் கவனிக்கட்டும்: தொலைக்காட்சியின் பாதுகாவலி ஒரு படுத்த படுக்கையான நோயாளி! எழுந்து நடக்க முடிந்தவர்களில் ஒருவரை அப்பதவிக்குத் திருத்தந்தை தேடவில்லை. கிளாராவுக்குக் கிடைத்த காட்சி, போக முடியாதவருக்கு இறைவன் காட்டிய இரக்கம். இரண்டு தெரு தள்ளி நல்ல கால்களோடு இருப்பவர் அதைத் தமக்கு உரியதென்று எடுத்துக்கொள்வது, ஊனமுற்றோருக்கு என்று ஒதுக்கிய இருக்கையில் போய் அமர்வதைப் போன்றதுதான்.

திருச்சபை இதில் எப்போதும் தெளிவாகவே இருந்திருக்கிறது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002-இலேயே எழுதிவிட்டது. நேரலை அவசியமாக இருந்த 2020 ஏப்ரல் 17 அன்றே, தம் காலைத் திருப்பலி மறையுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், இந்நிலை இருட்டுப் பாதையைக் கடந்து வெளியேறுவதற்கே அன்றி அதிலேயே தங்கிவிடுவதற்கு அன்று என்னும் கருத்தில் எச்சரித்தார். திரை வழியாக விருந்து பகிர இயலாது என்பதை 2023 மே மாதம் வெளிவந்த திருப்பீட ஏடும் நினைவூட்டியது. நாம்தான் படிக்கவில்லை.

ஆனால் ஏடுகளை விடுவோம். ஆண்டவரின் வழியையே பார்ப்போம். நூற்றுவர் தலைவரின் பணியாளர் நோயுற்றபோது, இருந்த இடத்திலிருந்து ஒரு சொல் சொல்லி அவரைக் குணமாக்கினார் இயேசு. தொலைவு அவருக்கு ஒரு பொருட்டன்று என்பது அதனால் விளங்கியது. அத்தகையவர் பெத்தானியாவில் இலாசர் இறந்தபோது ஏன் நடந்து போனார்? யூதேயாவுக்கு மீண்டும் போவது உயிருக்கே ஆபத்து என்று சீடர்கள் தடுத்தும் போனார். போய்ச் சேர்ந்தபோது நான்கு நாள் ஆகிவிட்டிருந்தது. மார்த்தாவும் மரியாவும் தங்கள் மனக்குறையை முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அழுதார். அதன் பிறகே கல்லறையின் கல்லை அகற்றச் சொன்னார். இறந்தவனை எழுப்ப ஒரு சொல் போதுமாயிருந்தது. உடன் அழுவதற்கு நடந்து போகவேண்டியிருந்தது. தூது யோவானும் இதை அறிந்திருந்தார். எழுத நிறைய இருந்தும் தாளும் மையும் கொண்டு எழுத மனமில்லாமல், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசவே விரும்புவதாகத் தம் சிறு திருமுகங்களில் தெரிவிக்கிறார். அன்று மடலுக்கே அவர் அப்படிச் சொன்னார் என்றால், கூப்பிய கைப் படம் ஒன்றைத் தட்டி அனுப்பும் நம்மை என்னவென்பார்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவானது என்பதையும் மறைக்கமாட்டோம். "துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? பந்தலில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், நிலத்தின் விலையை விசாரிக்கிறார்கள். மனம் இல்லாத உடல் வந்து என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். ஆம், நாமும் கண்டிருக்கிறோம். பந்தலில் தூங்கிக் குறட்டை விட்டவரையும் கண்டிருக்கிறோம். ஆயினும் நம் முன்னோர் மனிதனை அறிந்தவர்கள். எல்லாருக்கும் எல்லா நாளும் மனம் கனியாது என்று தெரிந்தே, உடலையாவது கொண்டுவந்து நிறுத்து என்று வழக்கம் ஏற்படுத்தினார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போகாமல் இருக்காதே என்று அவர்கள் சொன்னதில், நீ உருகி அழு என்ற நிபந்தனை இல்லை. நாற்காலி அடுக்கவும், பெரியவர் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப்போகவும், பெட்டிக்குத் தோள் கொடுக்கவும் உடல்தான் வேண்டும். பந்தலில் அரசியல் பேசியவர் மாலையில் தோள் கொடுத்தார். உருக்கமாக நான்கு வரி எழுதி அனுப்பியவர் கொடுக்கவில்லை.

யோபின் நண்பர் மூவரையும் இங்கே நினைக்கலாம். அவர்களை நாம் எப்போதும் குறைகூறியே பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் தொலைவிலிருந்து வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களிடம் யாதொரு குற்றமும் இல்லை. வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நாமோ அந்த ஏழு நாளையும் விட்டுவிட்டு நேரே பேச்சில் தொடங்குகிறோம். பங்கு வாட்ஸ்அப் குழுவில் சாவுச் செய்தி வந்த ஐந்தாம் நிமிடத்தில் நாற்பது ஆறுதல் மொழிகள். அவற்றுக்கு நடுவே, பார்க்காமல் அனுப்பப்பட்ட ஒரு பிறந்தநாள் வாழ்த்து.

இன்னொன்று. இப்போது 'அனுபவம்' என்ற சொல் எங்கும் விற்கப்படுகிறது. இசை அனுபவம், பயண அனுபவம். தியான இல்லத்துச் சுவரொட்டியில் இறை அனுபவம். நேரில் போவது நமக்கு என்ன கிடைக்கும் என்பதற்காகவே என்றாகிவிட்டது. வேளாங்கண்ணிப் பெருவிழா 2020-இலும் 2021-இலும் திருப்பயணிகள் இன்றியே நடந்தது. பிறகு காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் மீண்டும் சாலைகளை நிறைத்தபோது நம் உள்ளம் உண்மையாகவே குளிர்ந்தது. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. கொப்புளம் வெடித்த பாதங்களைக் கண்டவர்கள் குறை சொல்லமாட்டார்கள். எனினும் நூறு கல் தொலைவு அன்னையைத் தேடி நடந்த கால்கள், தம் அன்பியத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஓர் அன்னையின் வீட்டுக்கு நூறடி நடக்கவில்லை என்றால் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. அங்கே பெற்றுக்கொள்ள அனுபவம் ஒன்றும் இல்லை. மூத்திர வாடை உண்டு. சொன்னதையே சொல்லும் பேச்சு உண்டு.

1833-இல் பாரிசு நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் தம் தோழர்களோடு தொடங்கியதுதான் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பதே அதன் முதல் விதி. பொருளுதவி அதன் பின்னதே. நம் பங்குகள் சிலவற்றில் இப்போது மாத உதவியைக் கைப்பேசி வழியாக வங்கிக் கணக்கில் செலுத்திவிடுகிறார்கள். கணக்கு ஒழுங்காக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் உதவி பெறும் கைம்பெண் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "முன்னே அரிசி கொண்டாந்து குடுப்பாங்க, கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போவாங்க. இப்ப பணம் மட்டும் வருது."

ஆகவே நாம் வெளிப்படையாகவே கேட்கிறோம். அடக்கத் திருப்பலியின் நேரலையை ஊரறியப் பரப்ப என்ன தேவை? அதன் இணைப்பை அயல்நாட்டில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும், படுக்கையில் இருக்கும் உறவினருக்கும் மட்டும் கொடுத்தால் போதாதா? ஞாயிறு திருப்பலியின் நேரலை தொடரட்டும். ஆனால் அதைக் காணும் முதியவர் தனியே காணவேண்டும் என்று யார் விதித்தது? அன்பியத்திலிருந்து இருவர் போய் அவர் அருகில் அமர்ந்து உடன் காணலாம். நற்கருணைப் பணியாளர் அதே மணிக்கு அங்கே வந்துசேரலாம். குழுவில் செய்தி போட்டாயிற்றே என்று துக்க மணி அடிப்பதை நிறுத்திவிட்ட பங்குகள் மறுபடியும் அடிக்கட்டும். மணி கேட்டவர் வாசலுக்கு வந்து யார் என்று அண்டை வீட்டாரைக் கேட்பார். கேட்டவர் பாதி வழி வந்துவிட்டார். நம் நண்பர் பங்குப் பேரவையில் இருப்பதால் இவற்றை அங்கே எடுத்துரைப்பார் என்று எதிர்பார்க்கிறோம். அவர் இவ்விதழின் சந்தாதாரரும்கூட.

குவைத்து மகன் ஏழு மாதம் கழித்து ஊர் வந்தார். கல்லறைக்குப் போய்விட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் நேரே கோயில்பிள்ளையின் வீட்டுக்கு வந்தாராம். திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். நேரலையை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பாரோ, நமக்குத் தெரியாது. பாட்டு, மறையுரை, கூரை, எல்லாமே அதில் இருந்தன. எனினும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று என்று கோயில்பிள்ளை நம்மிடம் சொன்னார்.

"அன்னைக்கு மண்ணு ஈரமா இருந்துச்சாண்ணே?"

"ஈரந்தான் தம்பி. முந்தின நாள் ராத்திரி மழை."